புள்ளிக்குப் பின்னால் ஒரு சொல்

ஜனவரி 9

என் அருமை ஆபீசருக்கு,

முதலில் வெட்கக்கேடான ஒரு விஷயத்தைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம். நம் தெருச் சிறுதொழில் சங்கத்தின் தலைவியாக உன் விண்ணப்பத்துக்கு ஓர் ஆதரவுக் கடிதம் கொடுத்தேன் அல்லவா? அதே கடிதத்தை, அதே முத்திரையோடு, உன்னோடு போட்டி போடும் என் கொழுந்தனுக்கும் கொடுத்திருக்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நீதான் எடுப்பதில்லையே. போன தடவை என் வீட்டில் அவனைப் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து என் நம்பரைக் கண்டாலே உனக்கு ஆகவில்லை. கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போட்டாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருந்தால் சகித்துக்கொள்.

எப்படி நடந்தது என்று கேட்பாய். நீ ஊருக்கு வந்தபோது காகிதத்தை நீட்டினாய். நான் ஒரு பழைய சோபாவின் வயிற்றுக்குள் கையை விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "முத்திரை டிராயர்ல இருக்கு, நீயே குத்திக்கோ, கையெழுத்து அப்புறம் போடறேன்" என்றேன். அடுத்த மாதம் கொழுந்தன் வந்தான். அப்போது வேறு சோபா. மற்றபடி எல்லாம் அதே.

நம் சங்கத்தின் லட்சணம் உனக்குத் தெரியாததா? கூட்டம் போட்டால் உட்கார நாற்காலி என் குஷன் கடையில்தான் இருக்கிறது என்பதால் என்னைத் தலைவி ஆக்கினார்கள். பேங்க்குக்கு ஒரு கடிதம், பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடிதம், வாடகை வீடு பிடிக்க ஒரு கடிதம். கேட்டவர்களுக்கெல்லாம் "இவர் எங்களுக்கு நன்கு அறிமுகமானவர், நாணயமானவர்" என்று குத்திக் கொடுப்போம். இல்லை என்று சொன்ன வழக்கமே கிடையாது.

நீங்கள் கேட்கும் அந்தச் சொல்லைப் பற்றி எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். இணையத்தில் கடைக்கு ஒரு முகவரி, முகவரியின் கடைசியில் ஒரு புள்ளி, புள்ளிக்குப் பின்னால் 'தொழில்' என்று ஒரு சொல். கடைப் பெயர் கதவு எண் மாதிரி, கடைசிச் சொல் தெருப் பெயர் மாதிரி. நீங்கள் இரண்டு பேரும் தெருவுக்கே சொந்தக்காரர் ஆகப் பார்க்கிறீர்கள். கூட்டாகத்தான் ஆரம்பித்தீர்கள். என் கடையில் உட்கார்ந்து திட்டம் போட்டு, என் கடையில் நின்று கத்திப் பிரிந்தீர்கள். அந்தத் தெருவில் யாரைக் குடிவைப்பது என்பதுதான் சண்டை. அரசாங்கப் பதிவுச் சான்று இருக்கிறவர்களை மட்டும் என்றாய் நீ. யார் வந்தாலும் வரட்டும் என்றான் அவன். இப்போது ஒரே சொல்லுக்கு ஆளுக்கொரு விண்ணப்பம்.

இந்தச் சொற்களைப் பங்கிட்டுத் தரும் அமைப்பிலிருந்து சங்கத்துக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரம்மா படித்துச் சொன்னார். இரண்டு பேருக்கும் கடிதம் தந்தது நீங்கள்தானா, உங்கள் உறுப்பினர்கள் உண்மையில் யார் பக்கம், பிப்ரவரி முடிவதற்குள் பதில் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள்.

"ஏங்க, ரெண்டு பேருக்கும் நீங்களா குடுத்தீங்க?" என்றார் ஜெராக்ஸ்காரம்மா.

"நான் எங்க குடுத்தேன், முத்திரைதான் குடுத்துச்சு."

"முத்திரைக்கு மெயில் வரலைங்க. உங்களுக்குத்தான் வந்திருக்கு."

உன் மாமா இதில் கருத்தே சொல்லவில்லை. ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் மச்சினன். பகல் முழுக்க வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டே இருக்கிறார், ஆணி அடிக்காத நேரத்திலும்.

நலமா?

அக்கா


ஜனவரி 19

மதிப்புக்குரிய சங்கத் தலைவி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலம்.

நீங்கள் செய்த காரியத்தின் விளைவு உங்களுக்குப் புரியவில்லை என்று தெரிகிறது. ஆகவே விளக்குகிறேன். ஒரு சொல்லுக்குப் பலர் போட்டியிட்டால், அந்தச் சொல்லுக்கு உரிய மக்கள் யாருக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று அமைப்பு பார்க்கும். அதை நிரூபித்தவருக்கு முன்னுரிமை. ஏலம் இல்லாமலே சொல் அவருக்குக் கிடைக்கும். நிரூபிக்க முடியாவிட்டால் எல்லோரும் ஏலத்துக்குப் போக வேண்டும். 'தொழில்' என்ற சொல்லுக்கு எங்களைத் தவிர ஒரு பெரிய நிறுவனமும் போட்டியிடுகிறது. உலகத்தில் உள்ள வியாபாரச் சொற்களில் பாதிக்கு விண்ணப்பம் போட்டிருப்பவர்கள். ஏலம் என்றால் அவர்கள் முன்னால் நான் நிற்கவே முடியாது.

மற்ற ஊர்ச் சங்கங்கள் எனக்குக் கடிதம் கொடுப்பதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் சொந்தத் தெருச் சங்கம் கொடுத்திருக்கிறதா?" என்பதுதான். உங்கள் கடிதம் சரிந்தால் எல்லாம் வரிசையாகச் சரியும்.

இந்த ஒரு சொல்லுக்காக நான் வேலையை விட்டேன். என்னை நம்பி மூன்று பேர் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் என்னோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அறைச் சுவரில் அந்தச் சொல்லைத்தான் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறோம்.

எதிர் விண்ணப்பதாரருக்குத் தந்த கடிதம் தவறுதலாகத் தரப்பட்டது என்று ஒரு வரி எழுதினால் போதும். அது பொய்யும் அல்ல.

நான் உங்கள் கூடப்பிறந்தவன். அவர் உங்கள் கணவரின் கூடப்பிறந்தவர். இதற்கு மேல் நான் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்


பிப்ரவரி 1

என் அன்பு விண்ணப்பதாரருக்கு,

கோபம் வந்தால் சின்ன வயதிலிருந்தே எனக்கு 'ங்கள்' போடுவாய். ஒரு முறை உன் பலூனை உடைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் "அக்கா, நீங்கள் தள்ளி உட்காருங்கள்" என்றாய். அப்போது உனக்கு நான்கு வயது. மரியாதையான பிள்ளை என்று பக்கத்து வீட்டில் பாராட்டினார்கள்.

எதிர் விண்ணப்பதாரர் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தார். இரண்டு தட்டு முடித்தார். மூன்றாவது முறை பரிமாறும்போது மெதுவாக, "அண்ணி, உங்க தம்பிக்குக் குடுத்தது தவறுதலாக் குடுத்ததுன்னு ஒரு வரி எழுதிடுங்களேன்" என்றார். அது பொய்யும் இல்லை என்று வேறு சேர்த்துக்கொண்டார். நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று ஊரில் சொல்கிறார்கள், ஆனால் ஒத்திகை பார்த்த மாதிரி ஒரே வசனம்.

அவன் 'பட்டறை' என்று இன்னொரு சொல்லுக்கும் போட்டிருக்கிறானாம். அதற்குப் போட்டிக்கு ஈ காக்காய் வரவில்லையாம். "போட்டோவுல யாரும் பக்கத்துல வந்து நிக்காத ஆள் மாதிரி இருக்கு அண்ணி" என்று சிரித்தான். சிரிப்பு கண் வரை போகவில்லை. அவனுக்கும் 'தொழில்'தான் வேண்டும். அவனும் வேலையை விட்டவன்தான், நீ மறந்திருந்தால் சொல்லி வைக்கிறேன்.

நான் யார் பக்கம் என்று எழுதுவது? அமைப்பு கேட்பது உறுப்பினர்கள் யார் பக்கம் என்று. எனவே கூட்டம் போட்டேன். சங்கம் தொடங்கியதிலிருந்து இதுதான் முதல் உண்மையான கூட்டம். இதற்கு முன் கூடியதெல்லாம் குளிர்ச்சியாக ஏதாவது குடித்துவிட்டுக் கலைவதற்கு. கடையில் இருந்த சோபாக்களை வட்டமாகப் போட்டோம். வாடிக்கையாளர் ஒருவர் தன் சோபாவை எடுத்துப் போக வந்து, அதில் ஐந்து பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார்.

உன் ஏற்பாட்டையும் அவன் ஏற்பாட்டையும் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். பூட்டுக்காரர்தான் முதலில் எகிறினார்.

"சான்று இல்லேன்னா நான் தொழிலே பண்ணலையா? அப்ப இத்தனை வருஷமா இந்தத் தெருவுல பூட்டைத் தொறந்தது யாரு, பேயா?"

"திருடன்னு எழுதிக்குவாங்க" என்றார் ஜெராக்ஸ்காரம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெராக்ஸ்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. போன வருடம் யாரோ அவர் கடைப் பெயரிலேயே இணையத்தில் ஒரு கடை போட்டு, கல்யாண அழைப்பிதழ் அடித்துத் தருவதாக முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போயிருக்கிறான்.

"பொண்ணோட அப்பா என் கடை வாசல்ல வந்து நின்னாரு. கத்தியிருந்தாக்கூட பரவாயில்ல. 'எப்பம்மா தருவீங்க'ன்னு கேட்டாரு. அவரை நான் அன்னிக்குத்தான் முதல் தடவையாப் பாக்கறேன். யார் வேணா வரலாம்னா அவனும் வருவான்ல?"

"அதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்?" என்றார் பூட்டுக்காரர்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். உங்களை எங்களுக்குத் தெரியும். அவனை யாருக்குத் தெரியும்?"

கை தூக்கச் சொன்னேன். பாதிப் பேர் உன் பக்கம், பாதிப் பேர் அவன் பக்கம், மீதிப் பேர் சோபா நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நான் என்ன எழுதட்டும், நீயே சொல். 'ங்கள்' போடாமல் சொல்.

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். அறையில் இருந்த மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் இன்னும் கோபமாக இருக்கிறேன்.

நான் முதலில் பார்த்த வேலை உனக்கு ஞாபகம் இருக்கும். இணையக் கடைகளுக்கு இடம் வாடகைக்கு விடும் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை. காதில் மாட்டியதைச் சாப்பாட்டு நேரத்தில்தான் கழற்றுவோம். ஒரு நாள் ஒரு பெரியவர் பேசினார். தையல் மிஷினுக்குப் பணம் கட்டியிருந்தார். மிஷினும் வரவில்லை, கடையும் இல்லை. தினமும் திட்டு வாங்கிப் பழகிய எனக்கு, அவர் திட்டாதது என்னவோ போல் இருந்தது. "தம்பி, அந்தக் கடை எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் சொல்லு, நான் நேர்ல போய்க் கேட்டுக்கறேன்" என்றார். அப்படி ஓர் இடமே இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவருக்குப் புரியவில்லை. "போர்டு வச்சிருக்காங்களேப்பா" என்றார். கடைசியில் "சரி, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்.

போர்டைப் பார்த்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று நம்பக்கூடிய ஒரு தெரு வேண்டும், அக்கா. நான் கேட்பது அவ்வளவுதான். மச்சானிடம், உன் கொழுந்தனிடம்தான், இதைச் சொன்னபோது அவன் பூட்டுக்காரர்களைப் பற்றிப் பேசினான். அவன் சொன்னது சரியாகவும் இருந்தது. அதனால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். சான்று இல்லாதவர்களுக்குச் சான்று வாங்கித் தந்துவிடலாம் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். எத்தனை பேருக்கு அது முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு மட்டும் இதை எழுதுகிறேன்.

நீ எல்லோருக்கும் அக்கா. தெருவுக்கே அக்கா. எனக்கு மட்டும் அக்காவாக என்றைக்காவது இருந்திருக்கிறாயா? இந்த ஒரு தடவை இரு. என் பக்கம் நில்.

தம்பி


பிப்ரவரி 24

தம்பி,

உன் கடிதத்தை உன் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, "என்ன செய்யப் போறே?" என்றார். இந்த விஷயத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது.

உனக்காக ஆமாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதை நீ நம்ப வேண்டும். கொழுந்தனுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம், அவன் பசிக்கு எப்படியும் திரும்பி வந்துவிடுவான் என்றுகூடக் கணக்குப் போட்டேன். அப்போது உன் பெரியவர் வந்து மனசில் உட்கார்ந்துகொண்டார். போர்டு வைத்திருக்கிறார்களே என்று கேட்டவர். எங்கள் முத்திரையும் அப்படி ஒரு போர்டுதானே? அதைப் பார்த்தவர்கள் உள்ளே ஓர் ஆள் இருந்து, படித்து, யோசித்து, பிறகு குத்தியதாக நம்பியிருப்பார்கள். உள்ளே ஆளே இல்லை. நான் சோபாவுக்குள் இருந்தேன்.

பதிலை நேற்று அனுப்பிவிட்டேன். ஜெராக்ஸ்காரம்மா தட்டச்சு செய்தார், சொன்னது நான். இதுதான் அது: "இரண்டு கடிதமும் எங்களுடையவைதான். படிக்காமல் கொடுத்தோம். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பது எங்கள் பழக்கம். இப்போது கூடிப் பேசினோம். எங்களுக்குள் ஒருமனம் இல்லை. ஆகையால் இரண்டையும் திரும்பப் பெறுகிறோம்." நடுவில் மன்னிப்பு என்று ஒரு சொல்லும் போட்டோம்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறேன். போயும் போயும் அது உனக்கு. கொழுந்தனுக்கும் சொல்லிவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனான். அவன் தட்டில் சாப்பாடு மிச்சம் இருந்து நான் பார்த்ததே இல்லை. அதை எடுத்துக் கொட்டும்போது, இன்னொரு தட்டு உன் ஊரில் இப்படி இருக்கும் என்று தோன்றியது.

திட்டி எழுது. 'ங்கள்' போட்டாவது எழுது.

அக்கா


மே 6

அக்கா,

இரண்டு மாதமாக எழுதவில்லை. உட்காரும்போதெல்லாம் 'ங்கள்' வந்தது.

முன்னுரிமை கிடைக்கவில்லை. எனக்கும் இல்லை, மச்சானுக்கும் இல்லை. உங்கள் பதிலுக்குப் பிறகு மற்ற சங்கங்களையும் ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார்கள். பல இடங்களில் முத்திரை டிராயரில்தான் இருந்திருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றைக்கு உன்னை யாரிடமாவது திட்டியே ஆக வேண்டியிருந்தது. நான் உன்னைத் திட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் தெரிந்துகொள்ளக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான். போன் போட்டேன். ஹலோகூட இல்லை.

"பாத்தியாடா உங்கக்கா பண்ண வேலையை?"

"உங்க அண்ணி பண்ண வேலையை நீ பாரு மச்சான்."

எவ்வளவு நேரம் திட்டினோம் என்று தெரியாது. நீ அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட புதிதில், ஒரே சைக்கிளை எங்கள் இரண்டு பேருக்கும் தருவதாகத் தனித்தனியாகச் சொன்னது வரை எல்லாம் வெளியே வந்தது. திட்டித் தீர்ந்ததும் அவன்தான் கேட்டான்: "அந்தக் கூட்டத்துல பூட்டுக்காரர் என்னடா சொன்னாரு?" உன் கடிதத்தை எடுத்து அவனுக்குப் படித்தேன். 'உங்களை எங்களுக்குத் தெரியும், அவனை யாருக்குத் தெரியும்' என்ற இடத்தில் அவன் நிறுத்தச் சொன்னான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

சான்று வேண்டாம். யார் வேண்டுமானாலும் என்பதும் வேண்டாம். அக்கம்பக்கத்துச் சங்கம் ஒன்று நேரில் போய்ப் பார்த்து, ஆள் இருக்கிறார், வேலை நடக்கிறது என்று சொன்னால் போதும். இரண்டு வருடமாகக் கத்திய விஷயம் அன்றைக்கு இவ்வளவு சுருங்கிப் போயிற்று. அவன் தன் விண்ணப்பத்தை விலக்கிக்கொண்டு என்னோடு சேர்ந்தான்.

ஏலத்தில் நின்றோம். தோற்றோம். வெகுநேரம்கூட நிற்க முடியவில்லை. 'தொழில்' அந்தப் பெரிய நிறுவனத்துக்குப் போய்விட்டது. அவர்களுக்கு அது பட்டியலில் ஒரு சொல். அன்றைக்கு அறைக்குப் போனேன். சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழிக்கக் கை வரவில்லை. நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இன்னும் அப்படித்தான் உட்காருகிறேன்.

நீ எனக்காக ஆமாம் என்று எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா என்று தினமும் நினைக்கிறேன். கிடைத்திருக்கும் என்றுதான் படுகிறது. இதை மறைத்து எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய்.

'பட்டறை' மச்சானுக்குக் கிடைத்துவிட்டது. மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு என்னை வரச் சொல்கிறான். சின்னச் சொல். இதற்காக நான் வேலையை விட்டிருக்க மாட்டேன். ஆனாலும் போகிறேன்.

நேரில் போய்ப் பார்த்துச் சொல்லும் முதல் சங்கமாக உங்கள் சங்கம் இருக்குமா? இந்தத் தடவை படித்துவிட்டுச் சொல்.

தம்பி


டிசம்பர் 3

என் அருமைப் பட்டறைக்காரருக்கு,

நேற்றுத்தான் போனில் பேசினோம். ஆனாலும் இதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. விதி போட்டவர்கள் நீங்கள் இரண்டு பேரும்.

நீங்கள் அங்கே மறுபடி சண்டை போடுகிறீர்கள் என்று உன் மாமாவுக்குத் தகவல் வந்தது. ஒரே அறையில் உட்கார்ந்துதானே போடுகிறீர்கள்? அப்படியானால் சந்தோஷம். ஜன்னல் இருக்கும் அறை என்று கேள்விப்பட்டேன். அதற்கும் சந்தோஷம்.

கிடைத்திருக்கும் என்று நீ எழுதிய வரியை நான் மறக்கவில்லை. சமாதானம் எதுவும் சொல்லப் போவதில்லை. உன்னிடம் கேட்காமல் உன் பங்கைத் தூக்கி எறிந்தவள் நான். நீ நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்தாலும் எனக்கு வலிக்கத்தான் செய்யும்.

இங்கே வேலை நடக்கிறது. இரண்டு உறுப்பினர்கள் நேரில் போக வேண்டும், கடை திறந்திருக்க வேண்டும், உள்ளே வேலை நடக்க வேண்டும், போர்டைப் படம் எடுக்க வேண்டும். முதலில் பூட்டுக்காரருக்கு ஒப்புதல் ஆயிற்று. புள்ளி, அதற்குப் பின்னால் 'பட்டறை'. தன் முகவரியைப் போன் திரையில் பார்த்துவிட்டு, "இதைத் தொறக்க சாவி வேணாமா?" என்று கேட்டார். அடுத்து ஜெராக்ஸ்காரம்மா.

ஒருவருக்கு இல்லை என்றும் சொன்னோம். கடை இருந்தது, ஆளும் இருந்தார், போர்டில் மட்டும் வேறு யாரோ பெயர். சொல்லும் பொறுப்பு பூட்டுக்காரருடையது. அவர் போர்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று, "சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது, எனக்குப் பழக்கம்" என்றேன். வந்தவர் கோபித்துக்கொண்டு போனார். மறுவாரம் போர்டை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். எழுதிக் கொடுத்தவரையும் கூட்டிக்கொண்டு வந்தார், அவருக்கும் ஒரு முகவரி வேண்டுமாம்.

கடைசியாக நம் குஷன் கடை. தலைவி என்பதற்காகச் சலுகை கிடையாது. பூட்டுக்காரரும் ஜெராக்ஸ்காரம்மாவும் செவ்வாய்க்கிழமை பார்வையிட வந்தார்கள். உன் மாமா ஒரு சோபாவைக் கொண்டுபோய்க் கொடுக்க வெளியூர் போயிருந்தார். பூட்டுக்காரர் தன் பையை உள்ளே வைத்தார். போர்டைப் படம் எடுப்பதற்காக மூன்று பேரும் வெளியே வந்தோம். காற்றடித்தது. கதவு சாத்திப் பூட்டிக்கொண்டது. சாவி உள்ளே இருந்தது. பூட்டுக்காரரின் கருவிகள் பையில் இருந்தன. பையும் உள்ளே இருந்தது.

பார்வையிட்டபோது கடை பூட்டியிருந்ததாகவும், உள்ளே யாரும் வேலை செய்யவில்லை என்றும் குறித்துக்கொண்டார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பதினைந்து நாள் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அக்கா